டி-யிலிருந்து சி-க்கு: பிரிட்டனில் வீட்டின் இபிசி மதிப்பை உயர்த்துவது எப்படி

வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ ஏஜென்டிடம் போனால் அவர் முதலில் கேட்பது, "இபிசி இருக்கிறதா?" என்றுதான். வீட்டின் எரிசக்திச் சிக்கனத்துக்கு ஏ முதல் ஜி வரை தரம் போட்டுக் கொடுக்கும் சான்றிதழ் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒருமுறை எடுத்தால் 10 வருடம் செல்லும். முதல்முறை வீடு வாங்குகிறவர்களில் பலர் அதை சொலிசிட்டர் அனுப்பும் காகிதக் கட்டோடு சேர்த்து மூடி வைத்துவிடுகிறார்கள். குளிர்காலத்து காஸ் பில் கைக்கு வந்த பிறகுதான் அதில் 'டி' என்றோ 'இ' என்றோ போட்டிருப்பது கண்ணில் படுகிறது.

"அண்ணா, டி வந்திருக்கு. சி ஆக்க என்ன செய்யணும்? ஹீட் பம்ப் போடச் சொல்றாங்க" என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஹீட் பம்ப் என்பது வெளியே காற்றிலிருந்தோ மண்ணிலிருந்தோ சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடும் மின் இயந்திரம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "சான்றிதழ் கொடுக்க வந்த மதிப்பீட்டாளர் லாஃப்டை, அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் பரணை, திறந்து பார்த்தாரா?" பெரிய செலவுக்கு இறங்குவதற்கு முன்னால், வீட்டில் ஏற்கெனவே இருப்பது கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் சூடு வெளியே போகும் வழிகளை அடைக்க வேண்டும். இயந்திரங்களை மாற்றுவது அதற்கும் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் பணம் வீணாகும்.

புள்ளி எப்படிப் போடுகிறார்கள்

எழுத்துக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறது. 92-ம் அதற்கு மேலும் ஏ, 81 முதல் 91 வரை பி, 69 முதல் 80 வரை சி, 55 முதல் 68 வரை டி, 39 முதல் 54 வரை இ. அதற்குக் கீழே எஃப், ஜி. உங்கள் வீடு 67-ல் இருக்கிறதா 56-ல் இருக்கிறதா என்பது முக்கியம். இரண்டும் டி-தான், ஆனால் முதலாவதற்கு ஒரு சனிக்கிழமை வேலை போதும், இரண்டாவதற்குத் திட்டம் வேண்டும்.

அந்த எண், வீட்டைச் சூடாக்கவும் வெந்நீர் போடவும் விளக்கெரிக்கவும் ஒரு சதுர மீட்டருக்கு என்ன செலவாகும் என்பதிலிருந்து வருகிறது. உங்கள் பில்லை யாரும் பார்ப்பதில்லை. ஹால் 21 டிகிரி, மற்ற அறைகள் 18 டிகிரி என்று ஒரு பொதுவான குடும்பத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நீங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஹீட்டிங்கை அணைத்தே வைத்திருந்தாலும் புள்ளி ஏறாது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தடிமனான திரைச்சீலை எதுவும் கணக்கில் இல்லை.

கணக்கு பணத்தை வைத்து நடப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் காஸைவிடப் பல மடங்கு விலை. அதனால் சுவரில் மாட்டிய சாதாரண எலக்ட்ரிக் ஹீட்டர்களை நம்பியிருக்கும் ஃபிளாட், எவ்வளவு அழகாகப் புதுப்பித்திருந்தாலும், புள்ளியில் அடிவாங்கும்.

முதல் வேலை: சான்றிதழை வரிவரியாகப் படியுங்கள்

அரசின் இணையப் பதிவேட்டில் போஸ்ட்கோட் போட்டால் உங்கள் வீட்டின் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும். ஸ்காட்லாந்துக்கு மட்டும் தனிப் பதிவேடு. பெரும்பாலானவர்கள் பச்சை, மஞ்சள், சிவப்புப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விஷயம் அதற்குக் கீழே இருக்கும் அட்டவணையில்தான் இருக்கிறது. சுவர், கூரை, தரை, ஜன்னல், ஹீட்டிங், வெந்நீர், விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, பக்கத்தில் மிக மோசம் முதல் மிக நன்று வரை ஒரு தரம்.

அந்த வரிகளில் 'அஸ்யூம்ட்' என்ற சொல் எங்கே வருகிறது என்று பேனாவால் வட்டம் போடுங்கள். அஸ்யூம்ட் என்றால், வந்தவரால் அதைப் பார்க்க முடியவில்லை, வீடு கட்டிய காலத்தை வைத்து ஊகித்தார் என்று பொருள். 1930-களில் கட்டிய வீட்டுச் சுவருக்கு இன்சுலேஷன் (சூடு வெளியேறாமல் தடுக்கும் அடுக்கு) இருக்காது என்பது அந்த ஊகம். நடுவில் யாரோ செய்திருந்தாலும் காகிதமோ அடையாளமோ இல்லாவிட்டால் அது இல்லாததுதான்.

அடுத்த பக்கத்தில் பரிந்துரைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவு, வருடச் சேமிப்பு, செய்து முடித்தால் வரும் மதிப்பு எல்லாம் போட்டிருக்கும். இங்கே பலர் தவறாகப் படிக்கிறார்கள். நான்காவது பரிந்துரைக்கு எதிரே 74 என்று இருந்தால், முதல் மூன்றையும் செய்து, நான்காவதையும் செய்தால்தான் 74. நான்காவதை மட்டும் செய்தால் அந்த எண் வராது.

இரண்டாவது: இருப்பதைக் காட்டுங்கள்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை மதிப்பீட்டாளர் வந்தபோது லாஃப்ட் கதவுக்குக் கீழே சூட்கேஸ்கள் அடுக்கியிருந்தோம். மேலே முழுவதும் பலகை அடித்து அதன்மேலும் பெட்டிகள். அவர் தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார், பலகையைத்தான் பார்த்தார், இறங்கிவிட்டார். பலகைக்கு அடியில் கம்பளி இன்சுலேஷன் இருந்தது. சான்றிதழில் அது ஏறவில்லை. கூரை வரிக்கு 'மோசம்' என்று வந்தது. ஒரு பலகையைக் கழற்றி வைத்திருந்தால் போதும், அவர் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்திருப்பார். வருத்தம்தான், ஆனால் அவர் மீது பிழையில்லை. பார்க்காததை எழுதக்கூடாது என்பது அவருடைய விதி.

அதனால் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். இரட்டைச் சுவரின் நடு வெற்றிடத்தை (கேவிட்டி) நிரப்பியதற்கான 25 வருட உத்தரவாதப் பத்திரம், ஜன்னல் மாற்றியபோது கொடுத்த ஃபென்சா சான்றிதழ், பாய்லர் வைத்த காகிதம், சோலார் இருந்தால் அதன் எம்சிஎஸ் சான்றிதழ், கூரையையோ தரையையோ பிரித்துக் கட்டியிருந்தால் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவு கொடுத்த முடிவுச் சான்று. முந்தைய உரிமையாளர் செய்த வேலையாக இருந்தால் வாங்கும்போது வந்த காகிதக் கட்டுக்குள் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். இனிமேல் செய்யும் எந்த வேலையையும் மூடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். சுவர் பலகை அடித்துப் பூசிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

லாஃப்ட்: இங்கிருந்து ஆரம்பிக்கலாம்

இன்சுலேஷன் இல்லாத வீட்டில் ஏறக்குறைய கால்வாசிச் சூடு கூரை வழியாகப் போகிறது. குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் இடம் இது. மேலே ஏறிப் பாருங்கள். மரச்சட்டங்களின் உயரம் பெரும்பாலும் 100 மில்லிமீட்டர்தான் இருக்கும். கம்பளி அந்தச் சட்டங்களோடு மட்டமாக நின்றால் உங்களிடம் இருப்பது சுமார் 100. வேண்டியது 270. சட்டங்கள் கண்ணுக்கே தெரியாமல் கம்பளிக்குள் புதைந்திருக்க வேண்டும்.

நீங்களே போடலாம். முதல் அடுக்கைச் சட்டங்களுக்கு நடுவில் நீளவாக்கில் விரியுங்கள், இரண்டாவது 170 மில்லிமீட்டர் அடுக்கை அதற்குக் குறுக்காக. முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். சட்டத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள், நடுவில் வைத்தால் கீழறைச் சீலிங்கோடு இறங்குவீர்கள். மின்கம்பிகளைக் கம்பளிக்கு அடியில் புதைக்க வேண்டாம், மேலே எடுத்துப் போடுங்கள். சீலிங்கில் பதித்த விளக்குகள் இருந்தால் அவற்றுக்கு மேல் அதற்கென்று விற்கும் மூடியை வைத்த பிறகே கம்பளி. லாஃப்ட் கதவின் மேல்பக்கத்திலும் ஒரு துண்டு ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை போடுங்கள். அந்தக் கதவைச் சுற்றி வரும் குளிர்காற்றைக் கைவைத்தே உணரலாம்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கூரையின் ஓரம் வரை கம்பளியைத் திணித்துவிடுவது. கூரை ஓரத்தில் காற்று நுழைய இடைவெளி வேண்டும். அதை அடைத்தால் உள்ளே ஈரம் தங்கும், ஒரு குளிர்காலத்திலேயே மரத்தில் கருப்புப் பூஞ்சை வரும். இரண்டாவது, சாமான் வைக்க வேண்டும் என்று கம்பளியை அமுக்கிப் பலகை அடிப்பது. அமுங்கிய கம்பளியில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் அது சூட்டைத் தடுக்காது. பலகை வேண்டுமானால் பிளாஸ்டிக் கால்கள் வைத்து உயர்த்தி அடியுங்கள். லாஃப்ட் இப்போது முன்பைவிடக் குளிராக இருக்கும் என்பதால் அங்கே தண்ணீர்த் தொட்டியோ குழாயோ இருந்தால் அவற்றுக்கும் உறை போடுங்கள். தொட்டிக்கு நேர் அடியில் மட்டும் கம்பளி வேண்டாம், கீழிருந்து வரும் கொஞ்சம் சூடுதான் அதை உறையாமல் காக்கிறது.

கூரையின் உட்பக்கம் நுரை பீய்ச்சி அடிக்கிறோம் என்று வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். அந்த நுரை உள்ள வீடுகளுக்குப் பல வங்கிகள் மார்ட்கேஜ் தர மறுக்கின்றன. மரத்தில் ஒட்டிக்கொண்ட நுரையைப் பிய்த்தெடுப்பது போட்டதைவிடப் பெரிய வேலை.

சுவர்: முதலில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியே போய்ச் செங்கல்லைப் பாருங்கள். எல்லாக் கல்லும் நீளவாக்கில் ஒரே மாதிரி அடுக்கியிருந்தால் அது பெரும்பாலும் கேவிட்டி சுவர், அதாவது நடுவில் வெற்றிடம் விட்ட இரட்டைச் சுவர். நீளக்கல், குட்டைக்கல் என்று மாறிமாறி வந்தால் ஒற்றைச் சுவர். பூச்சு மறைத்திருந்தால் வாசற்கதவு நிலையில் டேப் வைத்து அளந்து பாருங்கள். 260 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கேவிட்டி, குறைந்தால் ஒற்றை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். 1920-களுக்குப் பிந்திய வீடுகளில் கேவிட்டி அதிகம். சுண்ணக் கோடுகளில் ஒழுங்கான இடைவெளியில் நாணயம் அளவில் சிமெண்ட் அடைத்த வட்டங்கள் தெரிந்தால் யாரோ ஏற்கெனவே நிரப்பியிருக்கிறார்கள். உத்தரவாதப் பத்திரத்தைத் தேடுங்கள்.

கேவிட்டி நிரப்புவது ஒரு நாளில் முடிகிற வேலை, புள்ளியும் நன்றாக ஏறும். சாரல் நேராக அடிக்கும் சுவருக்கும், ஏற்கெனவே ஈரம் ஏறியிருக்கும் சுவருக்கும் அது பொருந்தாது. முதலில் ஈரத்தைச் சரிசெய்யுங்கள்.

ஒற்றைச் சுவருக்கு உள்ளேயோ வெளியேயோ பலகை போல் இன்சுலேஷன் கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான பவுண்ட் செலவு. இதில் நிதானம் தேவை என்று அழுத்திச் சொல்கிறேன். 2025 அக்டோபரில் தேசிய தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக மதிப்பிட்டது. இலவசம் என்று யாராவது சொன்னாலும், ஜன்னல் ஓரம், கூரை ஓரம், மழைநீர்க் குழாய் இருக்கும் இடம் ஆகியவற்றை எப்படி முடிப்பார்கள் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் உள்ளே புகுவது அங்கேதான்.

வீட்டை இறுக்க மூடும்போது காற்றுக்கும் வழி விட வேண்டும். இடியப்பம் அவித்து, குழம்பு கொதிக்கவிட்டு, துணியையும் ரேடியேட்டரில் காயப்போட்டால் அந்த நீராவி எங்காவது போயாக வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் வெளியே தள்ளும் விசிறி நன்றாக ஓட வேண்டும், ஜன்னல் மேல் இருக்கும் காற்றுத்துளைகளை டேப் போட்டு ஒட்டக்கூடாது. சி வாங்கிவிட்டுப் படுக்கையறை மூலையில் பூஞ்சையோடு வாழ்வதில் பயனில்லை.

சில்லறைச் செலவில் கிடைக்கும் புள்ளிகள்

எல்லா விளக்கையும் எல்இடி ஆக்குங்கள். வெந்நீர் சிலிண்டர் இருந்தால் 80 மில்லிமீட்டர் ஜாக்கெட் போட்டு, தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். கதவு, ஜன்னல் இடுக்குகளுக்குப் பட்டை ஒட்டுங்கள்.

அதிகம் பேர் அறியாத ஒன்று: ஹாலில் பழைய காஸ் நெருப்போ சுவரோடு பொருத்திய எலக்ட்ரிக் ஹீட்டரோ இருந்தால், நீங்கள் வருடக்கணக்கில் அதைத் தொடாவிட்டாலும், அது துணை ஹீட்டிங் என்று கணக்கில் ஏறிச் செலவைக் கூட்டும். பயன்படுத்தாதது என்றால் முறைப்படி கழற்றிவிடுங்கள். காஸ் என்றால் காஸ் சேஃப் பதிவு உள்ளவரைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

ஹீட்டிங்

பாய்லரை மாற்றுவதற்கு முன் கட்டுப்பாடுகளைப் பாருங்கள். நேரம் வைக்கும் புரோகிராமர், அறையில் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர்களில் எண் போட்ட திருகு வால்வு, இந்த மூன்றும் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் அறை தெர்மோஸ்டாட் இல்லாமலே இருக்கும், ஒரு பிளம்பர் அரை நாளில் வைத்துவிடுவார். பாய்லர் 2005-க்கு முந்தியது என்றால் அது கண்டென்ஸிங் வகையாக (வெளியேறும் புகையின் சூட்டையும் பிடித்துப் பயன்படுத்துவது) இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றினால் புள்ளி தெளிவாக ஏறும்.

காஸ் இல்லாத ஃபிளாட் என்றால், இரவு நேரக் குறைந்த கட்டணத்தில் சூட்டைச் சேமித்துப் பகலில் விடும் நவீன ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் பெரிய மாற்றம் தரும். அதற்கு இரட்டைக் கட்டண மீட்டர் இருக்க வேண்டும், மதிப்பீட்டாளர் அந்த மீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டர் கீழ்த்தளத்துப் பூட்டிய அலமாரியில் இருந்தால் சாவியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஹீட் பம்ப்புக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லர் அப்கிரேட் திட்டத்தில் 7,500 பவுண்ட் மானியம் உண்டு. காஸை விட்டு வெளியே வருவதற்கு அது நல்ல வழி. ஆனால் முன்னே சொன்னபடி கணக்கு பணத்தில் நடப்பதால், நல்ல காஸ் பாய்லரிலிருந்து மாறுகிறவருக்குப் புள்ளி எதிர்பார்த்த அளவு ஏறாமல் போகலாம். புள்ளிக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

ஜன்னலும் சோலாரும்

ஒற்றைக் கண்ணாடி இருந்தால் மாற்றலாம். இரட்டைக் கண்ணாடி ஏற்கெனவே இருந்தால், கண்ணாடிகளுக்கு நடுவில் பனி படராதவரை, அதைக் கழற்றிப் புதிது போடுவதில் கிடைக்கும் புள்ளி செலவுக்கு ஈடாகாது. 2025 ஜூனில் மதிப்பீட்டு முறை புதுப்பிக்கப்பட்ட பிறகு ஒவ்வொரு ஜன்னலையும் அளக்கிறார்கள், அதனால் மதிப்பீட்டாளர் வீட்டில் இருக்கும் நேரமும் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

மேலே சொன்ன எல்லாம் முடிந்தும் சி-க்குச் சில புள்ளிகள் குறைந்தால் சோலார்தான் கை கொடுக்கும். அது உற்பத்தி செய்யும் மின்சாரத்தைச் செலவிலிருந்து கழிப்பதால் எண் நன்றாகவே தாவும். இன்சுலேஷன், ஹீட்டிங் கட்டுப்பாடு, சோலார், ஹீட் பம்ப் போன்றவற்றை ஒப்பந்தக்காரரைக் கொண்டு பொருத்தினால் 2027 மார்ச் 31 வரை வாட் வரி பூஜ்யம். ஜன்னலுக்கும் காஸ் பாய்லருக்கும் அது கிடையாது. கடையில் பொருளை மட்டும் வாங்கி நீங்களே போட்டாலும் கிடையாது.

ஃபிளாட் லீஸ்ஹோல்டாக இருந்தால் கூரை, வெளிச்சுவர், ஜன்னல் எதைத் தொடவும் ஃபிரீஹோல்டரின் (கட்டடத்துக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரரின்) எழுத்து அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடம் என்றால் கவுன்சிலிடமும் கேட்க வேண்டும்.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறைந்தபட்சம் இ இருக்க வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து புது வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரலிலிருந்து எல்லா ஒப்பந்தங்களுக்கும் இது சட்டம். இ-க்குக் கொண்டுவர 3,500 பவுண்ட் வரை செலவு செய்தும் முடியாவிட்டால் விலக்கு கேட்டுப் பதிவு செய்யலாம். 2030-க்குள் இந்த எல்லையை சி ஆக்குவது அரசின் நோக்கம். வீட்டில் எப்படியும் மராமத்து செய்யப் போகிறீர்கள் என்றால், தரையைப் பிரிக்கும்போதே தரைக்கு, கூரையைப் பிரிக்கும்போதே கூரைக்கு இன்சுலேஷன் போட்டுவிடுங்கள். அதற்கென்று தனியாகப் பிரித்தால் கூலி இரட்டிப்பாகும்.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் பேசும்போது சான்றிதழின் பரிந்துரைப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள். "வீடு குளிருது" என்பதைவிட, "லாஃப்டுக்கு இன்சுலேஷன் போடணும்னு இதில் எழுதியிருக்கு" என்பதற்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

மதிப்பீட்டாளர் வரும் நாள்

வேலை முடிந்தாலும் பழைய சான்றிதழ் தானாக மாறாது. புதிது எடுக்க வேண்டும். அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் அதே அரசுத் தளத்தில் இருக்கிறது. நிலையான கட்டணம் என்று ஒன்றும் இல்லை, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே ஒருவரிடம் பேசி, எதைச் செய்தால் எத்தனை புள்ளி ஏறும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொல்வது இன்னும் நல்லது. அவர் மென்பொருளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துச் சொல்ல முடியும்.

அன்றைக்கு லாஃப்ட் கதவுக்குக் கீழே இடத்தைக் காலி செய்து ஏணியை வையுங்கள், பலகை ஒன்றைக் கழற்றி வையுங்கள். பாய்லர் அலமாரி, சிலிண்டர் அலமாரி, மீட்டர் எல்லாம் திறந்திருக்கட்டும். காகிதக் கோப்பை அவர் உள்ளே வந்ததும் கையில் கொடுங்கள், கிளம்பும்போது அல்ல. நாங்கள் இரண்டாம் முறை அப்படிச் செய்தோம். அவர் லாஃப்டில் மண்டியிட்டு, அளவுகோலைக் கம்பளிக்குள் இறக்கி, எண் தெரியும்படி போட்டோ எடுத்தார். அந்த ஒரு போட்டோவில் கூரை வரி மாறியது.

புதுச் சான்றிதழ் பதிவேட்டில் ஏறியதும் அன்றே திறந்து, பழையதைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். 'அஸ்யூம்ட்' இன்னும் எங்கேயாவது இருந்தால், அதற்கான ஆதாரம் உங்களிடம் இருந்தால், முதலில் மதிப்பீட்டாளரையே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் திருத்த மறுத்தால், அவருக்கு அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதே சான்றிதழின் கடைசிப் பகுதியில் இருக்கும். புகாரை அங்கே எழுத்தில் அனுப்புங்கள், போட்டோக்களையும் சேர்த்து.